நூலகரை உருவாக்கிய நூலகர்: சீ.இரா. அரங்கநாதனின் வாழ்வும் பயிற்சிப் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன் (1892–1972) பெரும்பாலும் ஐந்து விதிகளின் ஆசிரியராகவும் கோலன் பகுப்புமுறையின் படைப்பாளராகவும் மட்டுமே நினைவுகூரப்படுகிறார். அவரது வாழ்வின் திருப்பங்களை வரிசையாக நோக்கின், அவை அனைத்தையும் இணைக்கும் இழையாக நூலகரைப் பயிற்றும் பணியே அமைவதைக் காணலாம். சங்கம், பயிற்சிப்பள்ளி, சட்டம், இதழ், ஊதியப் பரிந்துரை, அறக்கட்டளை ஆகிய ஆறு வழிகளில் அவர் தனித்து நின்ற நூலகரை ஒரு துறையின் உறுப்பினராக்கினார் என்பதை இக்கட்டுரை அவரது வாழ்க்கை வரலாற்றின்வழி நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அரங்கநாதன், நூலகவியல், நூலகர் பயிற்சி, சென்னை நூலகச் சங்கம், பொதுநூலகச் சட்டம், பட்டியலாக்கம்

முன்னுரை

தமிழாய்வில் ஈடுபடுவோர் எவரும் நூலகரின் துணையின்றி ஆய்வை நிறைவு செய்தல் அரிது. பதிப்பு வேறுபாட்டை அறிதல், பழைய இதழ்த் தொகுதியைத் தேடி எடுத்தல், ஒரே ஆசிரியரின் பெயர் பலவாறாகப் பதிவாகியிருக்கும் இடங்களை ஒன்றிணைத்தல் ஆகிய யாவும் நூலகரின் அறிவைச் சார்ந்தவை. ஆயினும் அவ்வறிவு அவருக்கு எவ்வாறு வாய்த்தது என்ற வினாவை ஆய்வாளர் எழுப்புவதில்லை. இவ்வினாவுக்கான விடை, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, ஒரு தனிமனிதரின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் வெளிவரும் கட்டுரைகள் அரங்கநாதனின் கோட்பாடுகளை விரித்துரைக்கின்றன. கோட்பாட்டை வகுத்தவர் அதனைக் கையாளத் தக்கவரையும் உருவாக்க வேண்டியிருந்தது என்பது அக்கட்டுரைகளில் போதிய அழுத்தம் பெறுவதில்லை. அப்பகுதியை முதன்மைப்படுத்தி அவரது வாழ்வை மீள நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் ஆசிரியப் பணியும்

அரங்கநாதன் அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் 1892 ஆகஸ்டில் பிறந்தார். தந்தை இராமாமிர்த ஐயர், தாய் சீதாலட்சுமி. ஆறு வயதில் தந்தையை இழந்தார். சீர்காழியின் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப்பள்ளியில் பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913-இல் இளங்கலைப் பட்டமும் 1916-இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்குக் கணிதப் பேராசிரியராக விளங்கிய எட்வர்டு இராஸ் என்பவரோடு ஏற்பட்ட ஆசிரிய–மாணவ உறவு அவரது வாழ்நாள் முழுவதும் பற்றுக்கோடாக அமைந்தது. பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார்.

1917 முதல் மங்களூரிலும் கோவையிலும் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்து, 1921-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். இளமையில் திக்குவாய்க் குறை உடையவராக இருந்த அவர் வகுப்பறையைத் தம் தொழிலாகத் தேர்ந்துகொண்டது கருதத்தக்கது. மாணவருக்குக் குறிப்புகளை எழுதச் சொல்லும் வழக்கத்தைத் தவிர்த்து, அவர்களே நூல்களைத் தேடிப் படிக்கச் செய்யும் முறையை அவர் விரும்பினார். பின்னாளில் நூலகரைப் பயிற்றும்போது அவர் கைக்கொண்ட முறையின் வித்து இங்கேயே உள்ளது.

தனிமையில் தொடங்கிய நூலகப் பணி

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை அமர்த்த முற்பட்டபோது பெருந்திரளானோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் எவருமிலர். விண்ணப்பித்த அரங்கநாதனும் இதற்கு விலக்கன்று. பயிற்சியின்மை அன்று ஒரு குறையாகவே கருதப்படவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. நூலகர் என்பவர் நூல்களைக் காப்பவர் என்ற எண்ணமே நிலவியது. காவலுக்குத் தனிக்கல்வி எதற்கு என்பது பொதுக்கருத்து.

1924 ஜனவரி 4-ஆம் நாள் அவர் பணியேற்றார். மாணவர் சூழ்ந்த வகுப்பறையிலிருந்து வந்தவருக்கு வாசகரில்லா நூலகத்தின் அமைதி தாங்கொணாததாயிற்று. சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார். அப்பதவிக்குரிய நிபந்தனைப்படி இங்கிலாந்தில் பயிற்சி பெற்று வந்தபின்னும் மனம் மாறாவிடில் திரும்பிவரலாம் என்று அவருக்குக் கூறப்பட்டது. அந்த உடன்பாட்டோடு 1924-இல் இலண்டனுக்குச் சென்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகர் பயிற்சிப்பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர், குரோய்டன் பொதுநூலகத்தின் தலைமை நூலகராக விளங்கிய பெர்விக் சேயர்ஸ். வகுப்பறைக் கல்வியோடு நில்லாமல் இங்கிலாந்தின் நூறளவான நூலகங்களை அரங்கநாதன் நேரில் கண்டார். தொழிலாளர் குடியிருப்பிலும் சிற்றூரிலும் நூலகங்கள் இயங்குவதையும், அங்கெல்லாம் பயிற்சி பெற்ற ஒருவர் வாசகரை எதிர்கொண்டு உதவுவதையும் அவர் கவனித்தார். நூலகத்தைச் சமுதாய நிறுவனமாக அவர் உணர்ந்தது இப்பயணத்தில்தான்.

பகுப்புமுறை பற்றிய அவரது சிந்தனையும் அங்கேயே கருக்கொண்டது. இலண்டன் அங்காடியொன்றில் கண்ட விளையாட்டுப் பொருள் அதற்குத் தூண்டுதலாயிற்று. உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு வெவ்வேறு பொம்மைகளை அமைக்கக்கூடிய அத்தொகுப்பைப் போன்று, சில அடிப்படைக் கூறுகளை இணைத்து எப்பொருளுக்கும் குறியீடு அமைக்கலாம் என அவர் எண்ணினார். 1925 ஜூலையில் தாயகம் திரும்பியவர் மீண்டும் கணிதத் துறையை நாடவில்லை.

சங்கமும் பயிற்சிப்பள்ளியும்

தம் நூலகத்தை அவர் முதலில் சீர்திருத்தினார். வாசகர் தாமே அலமாரிகளை அணுகி நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொணர்ந்தார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகருக்கு வழிகாட்டுவதற்கெனவே பணியாளரை அமர்த்தினார். 1936-இல் நூலகம் சேப்பாக்கம் கடற்கரையருகே தனிக்கட்டடம் பெற்றது. விடுப்பின்றி நாள்தோறும் நெடுநேரம் உழைத்தவர் என்பது அவருடன் பணியாற்றியோர் அனைவரும் சொல்லும் செய்தி. எனினும் ஒரு நூலகத்தின் சீர்திருத்தம் ஒருவரின் உழைப்பால் இயலும். மாகாணத்தின் நூலகங்கள் அவ்வாறு சீர்பெற இயலா. இவ்வுணர்வு அவரைச் சங்கப் பணிக்கு இட்டுச்சென்றது.

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய அனைத்திந்தியப் பொதுநூலக மாநாட்டைத் தொடர்ந்து, 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் பொறுப்பை அரங்கநாதன் ஏற்று, சென்னையை விட்டு நீங்கும் காலம்வரை அதனை இயக்கினார். சங்கத்தின் முதல் முயற்சிகளுள் ஒன்று, 1929-இல் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சிப்பள்ளி. இரண்டே ஆண்டுகளில், 1931-இல், அப்பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டு முழுநேரப் பட்டயப்படிப்பாக வளர்ந்தது.

இந்தியாவில் நூலகர் பயிற்சி இதற்கு முன்னரே இருந்தது. பரோடாவில் 1911-இல் போர்டன் என்பவரும், இலாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1915-இல் டிக்கின்சன் என்பவரும் பயிற்சி அளித்தனர். இருவரும் அமெரிக்காவிலிருந்து அழைக்கப்பட்டவர்கள். சென்னைப் பள்ளி இந்நிலத்தின் நூலகர் ஒருவரால், இந்நிலத்தின் நூலகச் சங்கம் ஒன்றால் தோற்றுவிக்கப்பட்டது என்பதே அதன் தனித்தன்மை. இங்குப் பயின்றோருக்கான பாடநூல்களையும் அவரே எழுத வேண்டியிருந்தது.

பாடத்தேவையால் பிறந்த நூல்கள்

அரங்கநாதனின் புகழ்பெற்ற நூல்கள் வெளிவந்த ஆண்டுகளைப் பயிற்சிப்பள்ளியின் வளர்ச்சியோடு ஒப்பிடுதல் பயன்தரும். ஐந்து விதிகள் பற்றிய நூல் 1931-இலும், கோலன் பகுப்புமுறை 1933-இலும், பகுத்த பட்டியல் விதித்தொகுப்பு 1934-இலும், நூலக நிருவாகம் பற்றிய நூல் 1935-இலும், பகுப்பாக்க முன்னுரை நூல் 1937-இலும் வெளியாயின. பள்ளி பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகியதற்கும் பட்டயப்படிப்பாக உயர்ந்ததற்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இவை. கற்பிக்க வேண்டிய கட்டாயமே கோட்பாட்டை முறைப்படுத்தியது என்று இதனால் கருத இடமுண்டு.

ஐந்து விதிகளின் பிறப்பும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. நூலகப் பணிகள் எண்ணிறந்தன; அவற்றைத் தனித்தனியே கற்பித்து முடித்தல் இயலாது. கணிதத்தில் சில எடுகோள்களிலிருந்து தேற்றங்கள் பிறத்தல்போல, சில அடிப்படைகளிலிருந்து நூலக நடைமுறை அனைத்தும் பெறப்பட வேண்டும் என அவர் விழைந்தார். அதற்கான சிந்தனையில் உழன்றபோது இராஸுடன் நிகழ்ந்த உரையாடல் முதல் விதியைத் தெளிவாக்க உதவிற்று. 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் நடைபெற்ற மாகாணக் கல்வி மாநாட்டில் விதிகளை அவர் முன்வைத்தார். அதற்கு முந்தைய மாதத்தில்தான் முதல் மனைவி உருக்குமணியை இழந்திருந்தார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார்.

நூலின் இருப்பு அதன் பயன்பாட்டை நோக்கியது என்பதும், வாசகர் ஒவ்வொருவரும் தமக்குரிய நூலை அடைதல் வேண்டும் என்பதும், நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரைச் சென்றடைதல் வேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாதல் கூடாது என்பதும், நூலகம் உயிரிபோல் வளர்வது என்பதும் அவ்விதிகளின் சாரம். சென்னையிலிருந்து தொலைவில் தனியே பணிபுரியும் ஒரு நூலகர், எவ்விதி நூலிலும் விடை காணாத சிக்கலை எதிர்கொள்ளும்போது, இவ்வைந்தையும் கொண்டு தாமே முடிவெடுக்க இயலும். இவ்வகையில் விதிகள் தொலைவிலுள்ள நூலகருக்கான கையேடாகவும் அமைகின்றன.

கோலன் பகுப்புமுறையும் இத்தகையதே. முந்தைய பகுப்புமுறைகள் பொருள்களைப் பட்டியலிட்டு எண் வழங்கின. பட்டியலில் இல்லாத பொருள் வந்தால் நூலகர் காத்திருக்க வேண்டும். அரங்கநாதன் ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, முக்காற்புள்ளியால் இணைத்துக் குறியீடு அமைக்கும் உரிமையை நூலகருக்கே வழங்கினார். பின்னர் அவர் வளர்த்தெடுத்த ஐந்து அடிப்படைக் கூறுகளுள் இடமும் காலமும் அடங்கும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு கருப்பொருளையும் உரிப்பொருளையும் வகுத்த தொல்காப்பிய மரபில் பயின்றோர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனத் துணிதற்குச் சான்றில்லை. ஒப்புமை அளவிலேயே இதனைக் கொள்ளுதல் தகும்.

பட்டியலாக்கத்தில் இந்தியப் பெயர்களுக்கு அவர் காட்டிய கவனம் தமிழாய்வாளருக்கு நேரடிப் பயனுடையது. மேலைநாட்டு விதிகள் குடும்பப்பெயரைத் தலைப்பாகக் கொள்வன. தமிழ்ப்பெயரிலோ முன்னெழுத்துகள் ஊரையும் தந்தையையும் சுட்ட, இறுதியில் நிற்பதே இயற்பெயர். அவருடைய பெயரே இதற்குச் சான்று: சீர்காழி ஊர், இராமாமிர்தம் தந்தை, அரங்கநாதன் இயற்பெயர். இவ்வேறுபாட்டை அறியாத நூலகர் ஒரே ஆசிரியரை இரு வேறு இடங்களில் பதிவுசெய்வார். ஆய்வாளர் அவற்றுள் ஒன்றை இழப்பார்.

சிற்றூரை நோக்கிய முயற்சியும் சட்டமும்

நூலகம் நகரத்தோடு நின்றுவிடலாகாது என்ற கருத்து 1931-இல் செயலுருப் பெற்றது. மன்னார்குடி மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம், சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு நூல்களைக் கொண்டுசென்றது. அரங்கநாதனும் சென்னை நூலகச் சங்கமும் அம்முயற்சிக்குத் துணைநின்றனர். ஆயினும் தனிமனிதர் கொடையால் இயங்கும் நூலகம் அவர்தம் காலத்தோடு நின்றுவிடக் கூடும். நிலையான நிதிக்கும் நிலையான பணியாளருக்கும் சட்டமே வழி என அவர் கருதினார்.

1930-இல் காசியில் நடைபெற்ற அனைத்தாசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டமொன்றை அவர் முன்வைத்தார். அதனடிப்படையில் 1933-இல் சென்னைச் சட்டமன்றத்தில் பஷீர் அகமது சையது கொண்டுவந்த வரைவு நிறைவேறவில்லை. தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், 1948-இல், சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப்பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொதுநூலகச் சட்டம் இதுவாகும். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, சொத்துவரியோடு திரட்டப்பெறும் நூலக வரி, மாநில மைய நூலகம் ஆகியவற்றுக்கு அது வழிவகுத்தது. 1950 ஏப்ரல் 1 முதல் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. இன்று தமிழ்நாட்டில் இயங்கும் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவற்றின் அடித்தளம் இச்சட்டமே.

சென்னைக்கு வெளியே

1945-இல் சென்னைப் பணியிலிருந்து நீங்கிய அரங்கநாதனைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்தவர் அதன் துணைவேந்தர் இராதாகிருஷ்ணன். அங்கு ஏறத்தாழ 1 லட்சம் நூல்களைப் பெரும்பாலும் தாமே பகுத்து முறைப்படுத்தினார். 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மாரிஸ் கொயர் அவரை அழைத்துக்கொண்டார். தில்லியில் நூலகவியல், முதுநிலைப் பட்டத்திற்கும் முனைவர் பட்டத்திற்கும் உரிய துறையாக உயர்ந்தது. இந்தியாவில் நூலகவியலுக்கான முதல் முனைவர் பட்டம் அவருடைய வழிகாட்டுதலில் அமைந்த ஆய்வுக்கே வழங்கப்பட்டது.

பட்டம் பெற்றபின் நூலகர் கற்பதை நிறுத்திவிடுவார் என்ற அச்சம் அவருக்கு இருந்ததை அவரது தில்லிப் பணிகள் உணர்த்துகின்றன. 1944 முதல் 1953 வரை இந்திய நூலகச் சங்கத்தின் தலைவராக இருந்த அவர், 1949 முதல் அச்சங்கத்தின் இதழை ஆய்வுக்கட்டுரை, துறைச்செய்தி, இந்திப் பகுதி என மூன்று பிரிவுகளாக வெளிவரச் செய்தார். 1951-இல் தில்லியில் தோன்றிய நூலக ஆய்வு வட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரது இல்லத்தில் கூடியது. பணியிலிருக்கும் நூலகர்கள் தம் நடைமுறைச் சிக்கல்களை அங்கு விவாதித்தனர். 1954-இல் தொடங்கப்பெற்ற நூலகவியல் ஆய்விதழின் ஆசிரியராகவும் அவர் இருந்தார். செய்தி, ஆய்வு, நேர்முக விவாதம் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தால் தொலைவிலுள்ள நூலகரும் துறையின் போக்கோடு இணைந்திருப்பார் என்பதே இம்முயற்சிகளின் உட்கருத்து.

பின்னர்ச் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வாழ்ந்தார். 1956-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைக்க 1 லட்சம் ரூபாயை மனைவி சாரதாவின் பெயரால் வழங்கினார். 1957-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அவ்வாண்டு அமைக்கப்பெற்ற பல்கலைக்கழக மானியக்குழுவின் நூலகக் குழுவுக்குத் தலைமை ஏற்று, நூலகருக்கு ஆசிரியருக்கு நிகரான தகுதியும் ஊதியமும் வேண்டும் எனப் பரிந்துரைத்தார். 1924-இல் பயிற்சியற்றவர் எவரும் ஏற்கத்தக்கதாகக் கருதப்பட்ட பதவி, கல்வித்தகுதியாலும் ஊதியத்தாலும் வரையறுக்கப்பட்ட தொழிலாக மாறிய வரலாற்றில் இப்பரிந்துரை ஒரு நிறைவுப் புள்ளியாகும்.

பெங்களூர் ஆண்டுகள்

1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தொடங்கியது. அதனை வழிநடத்திய அரங்கநாதனுக்கு அப்போது வயது எழுபது. ஆய்வு நிறுவனங்களிலும் தொழிலகங்களிலும் பணியாற்றுவோர்க்கு உயர்நிலைப் பயிற்சி அளிப்பது அம்மையத்தின் நோக்கம். ஆண்டுக் கருத்தரங்குகளும், 1964 முதல் அவர் ஆசிரியராக இருந்து வெளியிட்ட இதழும் அப்பயிற்சியின் பகுதிகளாயின. 1965-இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக அமர்த்தியது. கணித ஆர்வமும் அவரை விட்டு அகலவில்லை. கணித மேதை இராமானுசனைப் பற்றிய நூலை 1967-இல் வெளியிட்டார். 1972 செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

எஞ்சியதும் எஞ்சாததும்

கோலன் பகுப்புமுறையை முழுமையாகப் பின்பற்றும் நூலகங்கள் இன்று மிகச் சிலவே. அதன் கூற்றுப்பகுப்புச் சிந்தனை உலகெங்கும் பரவியதெனினும் குறியீட்டுமுறை பரவவில்லை. மாறாக, அவர் தொடங்கிய பயிற்சி மரபு பல்கலைக்கழகத் துறைகளாக விரிந்துள்ளது. அவரது பணிகளுள் நிலைபெற்றது எது என வினவின், நூலகரைக் கற்றவராக்கிய அமைப்பே என விடை கூறலாம்.

குறையும் ஒன்றுண்டு. அவருடைய முதன்மையான நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை; அவர் நடத்திய துறை இதழ்களின் மொழியும் பெரும்பாலும் ஆங்கிலமே. இந்திய நூலகச் சங்க இதழில் இந்திக்கு இடம் கிடைத்ததுபோல் தமிழுக்கு ஓர் இடம் வாய்க்கவில்லை. சட்டத்தின் பயனால் எழுந்த ஊர்ப்புற நூலகத்தில் பணிபுரிபவர் தமிழ்நூல்களையே மிகுதியும் கையாள்கிறார். அவருக்கான துறைக்கல்வியோ வேறு மொழியில் உள்ளது. அனைவருக்கும் நூல் என்ற கோட்பாடு நூலகரையும் வாசகராகக் கருதுமாயின், அவருக்குரிய நூல் அவர் மொழியில் கிடைத்தாக வேண்டும்.

முடிவுரை

அரங்கநாதனின் வாழ்வு தனிமையில் தொடங்கிய ஒரு பணியைத் துறையாக வளர்த்த வாழ்வு. சங்கத்தால் நூலகரை ஒன்றிணைத்தார், பள்ளியால் பயிற்றினார், சட்டத்தால் அவருக்குப் பணியிடம் அமைய வழிகோலினார், இதழ்களால் பணிக்குப்பின்னும் கற்கச் செய்தார், ஊதியப் பரிந்துரையால் மதிப்பை நாடினார், அறக்கட்டளையால் அடுத்த தலைமுறைக்கு வழிசெய்தார். இவற்றுள் தமிழ்வழிச் செய்ய வேண்டியது பெரும்பகுதி எஞ்சியுள்ளது. தமிழ் ஆசிரியர்களின் பெயர்களுக்கும் புனைபெயர்களுக்கும் நிலைத்த பதிவுமுறை, தமிழ் இலக்கிய இலக்கணப் பொருள்களுக்கான தலைப்புச் சொற்றொகுதி, ஊர்ப்புற நூலகருக்கான தமிழ்ப் பாடநூல் ஆகியன உடனடித் தேவைகள். இவை நூலகவியல் துறை தனித்து ஆற்றக்கூடியன அல்ல. சொற்பொருளையும் ஆசிரியர் வரலாற்றையும் அறிந்த தமிழ்த்துறைகள் இப்பணியில் பங்கேற்றல் வேண்டும். நூலகரிடம் உதவி பெறும் ஆய்வாளர் அவருக்குத் திரும்ப அளிக்கத்தக்க உதவியும் இதுவே.